தண்ணீருக்கு முன்னால் ஓடிவந்த உள்ளான்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘எக்ஸ்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறையில் பத்தொன்பது வருட வேலை. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் தெருமுனைவரை போனவள் திரும்பி வருவாள். நாய், லிப்ட், ஆழமான தண்ணீர், எல்லாவற்றுக்கும் பயம். அப்படிப்பட்டவள் இலையெல்லாம் கொட்டித் தீரும் நாட்களில் வருடம் தவறாமல் லீவு போட்டுவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவாள். அபூர்வமான பறவைகள் அப்போதுதான் கண்ணில் படும். துணைக்கு நாத்தனார். அவள் தையல்காரி. பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

அந்த வருடம் ஆற்று முகத்துவாரத்தில் கரண்டிமூக்கு உள்ளான் ஒன்று இறங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. கைக்குள் அடங்குகிற பறவை. அலகின் நுனி மட்டும் குட்டிக் கரண்டிபோலத் தட்டையாக இருக்கும். பதினொரு வருடமாக இருவரும் தேடுகிற பறவை.

மதியம் கரைமேட்டிலிருந்து இறங்கினார்கள். கடல் வடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நாலு மணிக்குத் தண்ணீர் திரும்பும் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். மூன்று மணிக்கே, “போதும், திரும்பிடலாம்” என்றாள்.

“இன்னும் பத்தடி அண்ணி. உங்களக் கூட்டிட்டு வந்தா ஒரு காக்காயக்கூட நிம்மதியா பாக்க முடியாது.”

பத்தடி இருநூறு அடியானது, மணி நாலை நெருங்கியது. அதற்குள் மூடுபனி வந்து கரைமேட்டை விழுங்கிவிட்டது. அவள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு குரல். நாத்தனார் முழங்கால்வரை புதைந்திருந்தாள். காலை இழுக்க இழுக்க உள்ளேதான் போனது.

கைபேசியில் சிக்னல் இல்லை. எக்ஸ்ரே அக்கா அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். பனிக்குள் அந்தச் சத்தம் நாலடிகூடப் போனதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அது வந்தது. பனியைப் பிளந்துகொண்டு குடுகுடுவென்று ஓடி வந்து, பத்தடி தள்ளி நின்று சேற்றைக் கிளறியது. கரண்டி மூக்கு!

“அண்ணி, பாருங்க, அதேதான்!”

அவள் பறவையைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் பார்த்தாள். உள்ளான்கள் தண்ணீரின் ஓரத்தில்தான் மேயும். அது இங்கே வந்துவிட்டது என்றால், பின்னாலேயே கடலும் வந்துவிட்டது. சொல்லிவைத்தாற்போல, சத்தமே இல்லாமல் ஒரு மெல்லிய நுரைக்கோடு அவள் பூட்ஸைத் தொட்டது.

“அண்ணி, நீங்க போயிடுங்க” என்றாள் நாத்தனார். அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டது.

“வாய மூடு. அப்படியே பின்னால சாஞ்சு படு.”

மழைக்கோட்டைச் சேற்றில் விரித்து நாத்தனாரை அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தானும் குப்புறப் படுத்து, அந்தக் கால்களைச் சுற்றி வெறும் கையால் தோண்டினாள். ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிற வார்த்தைகள் தானாக வந்தன. “மூச்ச இழுங்க. பிடிச்சுக்கங்க. அசையாதீங்க. ம்... விடுங்க.” மூச்சு விடும்போதெல்லாம் கால் ஒரு விரல் அளவு மேலே வந்தது. தண்ணீர் நாத்தனாரின் காதை நனைத்தபோது ஒரு கால் வந்தது. வாய்க்குள் உப்பு ஏறியபோது மற்றதும் வந்தது. பூட்ஸ் இரண்டும் உள்ளேயே போய்விட்டன.

வந்த காலடித் தடங்கள்தான் வழி. அவற்றிலும் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழியாகக் கையால் துழாவி, இருவரும் தவழ்ந்தே போனார்கள். ஓரிடத்தில் அடுத்த குழி தட்டுப்படவில்லை. அந்த அரை நிமிடத்தில் அவள் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். நாத்தனாரின் விரல்தான் அதைக் கண்டுபிடித்தது.

கரைமேட்டில் ஏறி விழுந்தபோது, பின்னால் இருந்ததெல்லாம் தண்ணீர்.

வீட்டில் கதவைத் திறந்த கணவர் இருவரையும் தலைமுதல் கால்வரை பார்த்தார். “என்ன, கெடச்சுதா பறவை?”

“கெடச்சுதுண்ணா” என்று சொல்லிவிட்டு நாத்தனார் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வருடம் இலை கொட்டும் நாட்களில் அவள் மறுபடியும் லீவு எழுதிக் கொடுத்தாள். போனில் நாத்தனார், “வரேன். ஆனா மேட்டவிட்டு எறங்க மாட்டேன். நீங்க எறங்குனீங்கன்னா கத்தி ஊரக் கூட்டிருவேன்” என்றாள்.

“யாரு எறங்கப்போறா?”

இருவரும் மேட்டிலேயே, கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் உள்ளான் கூட்டம் ஒன்று கரையைப் பார்த்து ஓடி வந்தது. பைனாகுலரை எடுக்காமல், இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் வைத்தார்கள்.