எனக்கொரு மூலை

வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ச் கட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால், எங்கள் ஊர் அக்கராயனில் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்ப வேதத்துக்கு மாறினனீ?" என்பதுதான். நான் கிறிஸ்தவத்துக்கு மாறவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். நான் மேசன். சுவர் கட்டக் கூப்பிட்டார்கள், போனேன். கட்டுவது கோயிலா, சேர்ச்சா, கோழிக்கூடா என்று சாந்துக்குத் தெரியாது.

மேசன் வேலைக்கு முன்னர், முல்லைத்தீவுப் பக்கம் ஆறு வருஷம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தேன். முகத்துக்கு மறைப்புக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கனமான அங்கி, முழங்காலில் இருந்துகொண்டு சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டுவதுதான் வேலை. நிலங்கள் துப்பரவாகி அந்த வேலை குறைந்தபோது, பெண்களுக்கும் மேசன் வேலை பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பழகி முடித்த பிறகு கிளிநொச்சியில் ஒரு பெரிய மேசனிடம் வேலை கிடைத்தது. நாலு வருஷமாக அவரோடுதான்.

சுவர் கட்டுவதில் முதலில் நாலு மூலையையும் தூக்குவார்கள். பிறகு மூலைக்கு மூலை நூல் இழுத்துக் கட்டி, இடையில் கல்லை வைத்து நிரப்புவார்கள். மூலை பிசகினால் கட்டடமே பிசகும். அதனால் மூலை பெரிய மேசனுக்கு. நிரப்புவது என்னைப் போன்றவர்களுக்கு. எத்தனையோ வீடுகளுக்கு நிரப்பிவிட்டேன், ஒரு மூலையைத் தொட்டதில்லை. எனக்குப் பிறகு வந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் மூலை தூக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் தாருங்கோ என்றால் அவர் "பாப்பம்" என்பார். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். சண்டை வராமல் சொல்கிற இல்லை.

பெரிய மேசன் போகிற சேர்ச்சின் பாஸ்டர் ஒருநாள் நாங்கள் வேலை செய்த இடத்துக்கு வந்தார். நேபாளத்தில், மலைக்குள் ஒரு சின்ன ஊராம். நிலநடுக்கத்தில் அவர்களுடைய சேர்ச் விழுந்து, இன்னும் தகரக் கொட்டிலில்தான் ஆராதனை. "எங்கட சேர்ச்சும் ஒருக்கால் கூரையில்லாமல் கிடந்ததுதானே. வெளியில இருந்து வந்த சனம்தானே கட்டித் தந்தது. இப்ப எங்கட முறை" என்றார். பத்து நாள் பயணம். வருவதாக இருந்த மேசன் ஒருவருக்கு முழங்கால் வீக்கம். அவருக்குப் பதிலாக நான் வருவேனா என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. உதவி செய்ய வருகிற வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவர்கள் வாகனத்தால் இறங்குவார்கள், நாங்கள் வரிசையில் நிற்போம். இந்தமுறை இறங்கப் போவது நாங்கள்! ஆனாலும் உடனே தலையாட்டவில்லை.

"வாறன் பாஸ்டர். ஆனா ஒரு மூலை எனக்குத் தரவேணும்."

பாஸ்டர் சிரித்துக்கொண்டு பெரிய மேசனைப் பார்த்தார். அவர் சாந்தைக் குழைத்தபடியே, "பாப்பம்" என்றார்.

அம்மாவுக்கு விஷயம் பிடிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய மனுசி. "அவுங்க சாமிக்கு நீ ஏன் புள்ள செவரு கட்டணும்?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தா. மூன்றாம் நாள், அங்கே குளிருமாம் என்று கேள்விப்பட்டு, தோட்டத்தில் போட்ட பழைய கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்து வெயிலில் காயப்போட்டா. நான் வவுனியாவுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குக் கொடுத்தேன். படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். அதையும் ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன்.

நாங்கள் ஆறு பேர் போனோம். பாஸ்டர், அவருடைய மனைவி, பெரிய மேசன், மூலை தூக்கத் தொடங்கியதாகச் சொன்னேனே அந்த இரண்டு பேர், பிறகு நான். விமான நிலையத்தில் சாந்து அள்ளிப் பூசுகிற என்னுடைய சாந்தகப்பையைக் கைப்பையில் வைத்திருந்தேன். அது கத்தியாம், விடமாட்டார்களாம். "கத்தி எண்டா இதால ஆரை வெட்டுறது, சீமெந்தையோ?" என்று கேட்டுவிட்டேன். பாஸ்டர் அவசரமாக வந்து, அதை வாங்கிப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். விமானத்தில் ஜன்னலோர இருக்கை எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய மேசனுக்குத்தான் கிடைத்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். பனிமலை தெரிந்தபோது அவருடைய மடிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு பெரிசு!" என்று கத்தினேன். முன்னுக்கு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வாகனம் ஒரு இடத்தோடு நின்றுவிட்டது. மிச்சம் நடை. செங்கல்லும் மணலும் கூட அந்த வழியால்தான் ஏற வேண்டும். ஊர்ப் பெண்கள் கூடையை முதுகில் வைத்து, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அம்மா கொழுந்துக் கூடை தூக்கியதும் இப்படித்தான். நானும் ஒரு கூடையை வாங்கி மாட்டினேன். நாற்பது அடி ஏறியதும் மூச்சு வாங்கியது. அவர்கள் சிரித்தார்கள். கூடைக்குச் சொந்தக்காரி என்னைக் கூடையோடு சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தா. சேர்ச்சுக்கு நிலம் கொடுத்தவா அவாதான் என்று பிறகு சொன்னார்கள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

அத்திவாரத்துக்கு மூன்று பக்கமும் ஊர்க்காரர் ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். கிழக்குப் பக்கம்தான் மிச்சம். இரண்டாம் நாள் காலையில் நான் பிக்காசைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்து மூலை ஒன்றுக்குப் போனேன். நாலாவது கொத்தில் "டங்" என்றது.

கல்லில் பட்டால் வருகிற சத்தம் வேறு. உலோகத்தில் பட்டால் வருகிறது வேறு. "ஒருத்தரும் அசையாதேங்கோ!" என்று கத்தினேன். நான் கத்த முன்னரே எங்களுடைய ஆட்கள் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். பாஸ்டர் தூக்கிய காலை, பழைய காலடித் தடத்திலேயே அளந்து திரும்ப வைத்தார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டா. பெரிய மேசன் எனக்கு மூன்று அடி தள்ளி, அத்திவாரக் கல் ஒன்றைத் தோளில் வைத்தபடி நின்றார். எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேபாளத்துச் சனம் எங்களைப் பார்த்து முழித்தது. அந்த ஊர்ப் பாஸ்டர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு கிட்ட வந்தார். எங்கள் பாஸ்டர் பயத்தில், "பொம்ப்! பொம்ப்!" என்றார்.

அந்தச் சொல் உலகத்தில் எல்லோருக்கும் விளங்கும் போலிருக்கிறது. கூடைகள் உருண்டன. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவில் நாங்கள் ஆறு பேரும் இரண்டு ஆடுகளும்தான்.

யாராவது அதைப் பார்க்கத்தானே வேண்டும். அங்கியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, என்னிடம் இருந்தது சாந்தகப்பை மட்டும். குழிக்குள் குப்புறப் படுத்து, அதைப் பக்கவாட்டில் சரிவாகப் பிடித்து, மண்ணை இரண்டு விரல் இரண்டு விரலாக எடுத்தேன். மண்ணுக்குள் பச்சை நிறம் தெரிந்தது, கண்ணிவெடிக்கு அடிக்கிற அதே பச்சை. அந்த இடத்தில் உண்மையாகவே செத்தேன் என்று நினைத்தேன். தலைக்கு மேலே பெரிய மேசனுடைய மூச்சு கேட்டது. அவர் ஓடிப்போயிருக்கலாம், ஆனால் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். இன்னும் சுரண்டினேன். ஒரு விளிம்பு, பிறகு ஒரு கழுத்து, பிறகு வயிறு. களிம்பு பிடித்த செம்புக் குடம்!

"குடம்! தண்ணிக் குடம்!" குழிக்குள் எழும்பி இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

மேலேயிருந்து பெரிய மேசனுடைய குரல் கேட்டது. "பிள்ளை, அப்ப நான் இந்தக் கல்லைக் கீழ வைக்கட்டோ?"

அரை மணித்தியாலம் அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நிலம் கொடுத்தவா ஒரு பாறைக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தா. குடத்தைக் கண்டதும் ஓடிவந்து பறித்தா. அவாவுடைய வீடு அந்த இடத்தில்தான் இருந்ததாம். அந்த மூலை சமைக்கிற குசினியாம். நிலநடுக்கத்தன்று காலையில் தண்ணீர் நிரப்பி வைத்த குடமாம். இதெல்லாம் இரண்டு பாஸ்டர்களுடைய வாய் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதிலேயே தண்ணீர் கொண்டுவந்து எங்கள் ஆறு பேருக்கும் வார்த்தா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே மண்ணை வெட்டினால் மண்தான் வரும், கூடிப்போனால் யாருடையவோ குடம் வரும். அப்படியும் நிலம் இருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரே எங்களை வைத்து விளையாடியது. யாருடைய மண்வெட்டியாவது கல்லில் பட்டால் போதும், "பொம்ப்!" என்று கத்திவிட்டு இருபது பேரும் ஒற்றைக் காலில் நிற்பார்கள். ஒரு கிழவர் தோளில் கல்லைத் தூக்கி வைத்துப் பெரிய மேசனைப் போலவே நடித்துக் காட்டினார்.

அத்திவாரம் முடிந்து செங்கல் தொடங்கும் காலை வந்தது. பெரிய மேசன் இரண்டு மூலையைத் தனக்கும், ஒவ்வொன்றை மற்ற இருவருக்கும் பிரித்தார். நான் குடம் எடுத்த மூலையில் போய் நின்றேன்.

"அண்ணை, இது எனக்கு."

"பாப்பம் பிள்ளை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "முந்தநாள் உங்கட காலடியில நான் படுத்துக் கிடக்கேக்க, பாப்பம் எண்டு சொன்னனானோ?"

மற்ற இருவரும் வேலையை நிற்பாட்டினார்கள். பாஸ்டர் வானத்தைப் பார்த்தார். பெரிய மேசன், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"பிசகினா உடைப்பன்."

"உடையுங்கோ."

கையில் வாங்கிவிட்டேன். அந்தக் குண்டின் பாரம் இப்போதும் உள்ளங்கையில் தெரிகிறது. ஆனால் அந்த ஊரில் மூலைக்கு நடுவில் ஒரு கம்பி நிற்க வேண்டும், நிலம் ஆடினாலும் சுவர் பிடித்து நிற்பதற்கு. கம்பியைச் சுற்றிக் கல் வைத்து எனக்குப் பழக்கமில்லை. நாலாவது செங்கல் வரியில் நூலைப் பிடித்துப் பார்த்தால் அரை விரல் வெளியே தள்ளியிருந்தது. அவர் பார்க்க முன்னர் நானே நாலு வரியையும் கழற்றினேன். குடத்துக்காரி ஒவ்வொரு கல்லையும் வழித்துத் துடைத்துத் தந்தா. இரண்டாம் முறை அவசரப்படவில்லை. கல், நூல், மட்டம், கல், நூல், மட்டம். குனிந்து நிமிர்ந்தபோது சுவர் இடுப்புக்கு வந்திருந்தது.

பின்னேரம் பெரிய மேசன் மற்ற மூலைகளைப் பார்த்துவிட்டு, என்னுடையதைப் பார்க்காமல் கடந்து போனார். என்னை நம்பியா, இல்லை குடத்துக் கதைக்கு நன்றியாகவா? எனக்கு அந்த நன்றி தேவையில்லை.

"அண்ணை, திரும்பி வாங்கோ. இதையும் பாருங்கோ."

வந்தார். தூக்குக்குண்டை விட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். மட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"நூலளவும் பிசகேல்லை" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். வெட்கமில்லாமல், சாந்துக் கையோடு குடத்துக்காரியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். எட்டாம் நாள் சுவர் கூரை மட்டத்துக்கு வந்தது. கூரையை அவர்களே போடுவார்கள். கூரையில்லாத சேர்ச்சுக்குள் அவர்கள் பாடினார்கள், நானும் கை தட்டினேன். என் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திரும்பி வந்து கிடைத்த முதல் வேலை ஒட்டுசுட்டானில். யானை வந்து குசினிச் சுவரை இடித்துவிட்டுப் போன வீடு. மூன்று பக்கமும் புதிதாகக் கட்ட வேண்டும். நான் கேட்கவில்லை. பெரிய மேசன் தூக்குக்குண்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாந்து குழைக்கப் போனார். நான் மூலையில் முதல் கல்லை வைத்தபோது வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"என்ன அண்ணை இது, பொம்பிளையோ மூலை தூக்கிறது? நீங்கள் தூக்குங்கோ. இல்லாட்டி அந்தத் தம்பிமாரைத் தூக்கச் சொல்லுங்கோ."

நான் பெரிய மேசனைப் பார்த்தேன். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷம் கேட்ட சொல்தானே.

அவர் கையைக் கழுவினார். மட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். மண்வெட்டியைக் கழுவிச் சைக்கிளில் கட்டத் தொடங்கினார்.

"எங்க அண்ணை போறியள்?" வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"அவா மூலை தூக்காட்டி நானும் இந்த வீட்டுக்குக் கல் வைக்கமாட்டன். நீங்கள் வேற மேசனைப் பாருங்கோ."

வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடைந்த சுவருக்கு அப்பாலிருந்த காட்டைப் பார்த்தார். நான் அதற்குள் இரண்டாவது வரிக்குச் சாந்து போட்டுவிட்டேன்.