நூற்று ஐம்பதிலேயே நின்ற துடிப்பு

மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘ஒயரக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. படுத்திருப்பவரின் கூச்சம் போக ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒட்டுவாள். தாள் வெளியே வரத் தொடங்கியதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒரே ஒரு முறை மூடவில்லை. அதுதான் அவளைப் படாத பாடு படுத்தியது.

அந்த முறை எடுத்த ஈ.சி.ஜி. படம் அவள் நாத்தனாருடையது. கணவனின் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துபவர். தம்பி வீட்டுக்கு வந்தால் மளிகைச் சீட்டில்கூட ஒற்று விட்டுப்போன இடத்தைச் சுழித்துவிட்டுத்தான் உட்காருவார். தம்பி மனைவி செய்த வேலையில் அவர் குறை சொல்லாமல் விட்டது எதுவும் கிடையாது.

ஒரு நாள் படபடப்பு என்று மருத்துவமனைக்கு வந்தார். நிமிடத்துக்கு நூற்று ஐம்பது துடிப்பு. வேகம் தவிர வேறு கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. தாள் முழுக்க வருமுன்பே ஒயரக்கா, “பயம்தான் அண்ணி. ஆஸ்பத்திரின்னாலே உங்களுக்கு அடிச்சுக்கும்” என்று சொல்லிவிட்டாள். அண்ணியிடம் ஒரு குறை கண்டுபிடித்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனாள். அவள் சொன்னதைக் கேட்டு டியூட்டி டாக்டரும் கையெழுத்துப் போட்டு, தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணி அச்சகத்து மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பிதான் கைத்தாங்கலாக அழைத்து வந்தான்.

ஒயரக்கா படம் எடுத்தாள். நூற்று ஐம்பது. கால் மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து மறுபடி எடுத்தாள். நூற்று ஐம்பது. பழைய ஃபைலைத் தேடி எடுத்தாள். அதிலும் அதே எண். பயந்த இதயம் ஏறும், இறங்கும், பெருமூச்சு விட்டால்கூடக் கொஞ்சம் மாறும். இது யாரோ எண்ணிக் கொடுத்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு இதய டாக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். இதயத்தின் மேல் அறை நிமிடத்துக்கு முந்நூறு முறை துடித்து, இரண்டுக்கு ஒன்றை மட்டும் கீழ் அறைக்கு அனுப்புகிறதோ என்று சந்தேகப்பட்டார். மேல் அறையின் சின்ன அலைகள் கீழ் அறையின் பெரிய அலைகளுக்குள் புதைந்துபோனால் நெஞ்சில் எடுக்கும் படத்தில் தெரியாது. ஊசி போட்டுத் துடிப்பை ஒரு நொடி தடுத்துப் பார்க்கலாம். ஆனால் அண்ணிக்கு ஆஸ்துமா. அந்த மருந்து மூச்சை அடைத்துவிடக்கூடும்.

மிச்சமிருந்தது ஒரு வழி. உணவுக்குழாய் மேல் அறையின் முதுகை ஒட்டியே இறங்குகிறது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய ஒயரை அங்கே இறக்கினால் அந்த அறையின் துடிப்பைப் பக்கத்திலிருந்தே பதியலாம். அங்கே அதில் பயிற்சி பெற்றவள் ஒயரக்கா ஒருத்திதான். இதுவரை செய்தது பதினொரு முறை. கடைசியாகச் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தானும் கூடவே நிற்பதாக டாக்டர் சொன்னார்.

அண்ணி ஒயரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அன்னைக்குப் பயம்னு சொன்னவதானே நீ? இன்னைக்கு மூக்குல ஒயர் விடணுங்கறே. எதை நம்பறது?”

கையெழுத்துப் போட்டது டாக்டர்தானே என்ற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. கணவன் கதவருகே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு நான் சரியாப் பாக்கல அண்ணி. தப்பு என்னுதுதான்.”

அண்ணி ஒயரை மறுபடி ஒரு முறை பார்த்தார். “சரி, பண்ணு. முடியலன்னா கையைத் தூக்குவேன். உடனே நிறுத்தணும்.”

மூக்கில் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, தம்பியை வெளியே அனுப்பினார்கள். முதல் முறை ஒயர் தொண்டையைத் தொட்டதும் அண்ணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கை உயர்ந்தது. ஒயரக்கா அந்தக் கணமே வெளியே இழுத்துவிட்டாள். அண்ணியின் கண்ணில் நீர் முட்டியது, மூச்சு லேசாக இழுத்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். அனுப்பிவிடலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தது அண்ணிதான்.

இரண்டாம் முறை அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லி, உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு விரற்கடை இறக்கினாள். முப்பது சென்டிமீட்டர். முப்பத்தைந்து. திரையில் வெறும் நெளிவுதான். இன்னும் இரண்டு இறக்கினாள்.

திடீரென்று கூரான அலைகள் எழுந்தன. கீழ் அறையின் ஒவ்வொரு துடிப்புக்கும் மேல் அறையின் துடிப்பு இரண்டு. ஒன்று தனியாக நின்றது. மற்றது பெரிய அலையின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவியது அதுதான்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தாள் முழுவதும் வந்த பிறகே ஒயரை உருவினாள்.

இப்படியே விட்டிருந்தால் மேல் அறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். உறையாமலிருக்கவும் துடிப்பைத் தணிக்கவும் மருந்து தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து, மயக்கத்தில் வைத்து ஒரு மின் அதிர்ச்சி கொடுத்ததும் இதயம் ஒழுங்குக்கு வந்தது. எழுபத்து நான்கு, எழுந்து உட்கார்ந்தபோது எண்பது. எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒயரக்கா அப்போதுதான் வெளியே போய் அழுதாள்.

முதல் படத்தைத் தவறாகச் சொன்னதை அவளே எழுதித் தலைமை மருத்துவரிடம் கொடுத்தாள். திட்டு விழுந்தது. வேலை போகவில்லை. அன்றிலிருந்து அந்த அறையில், வேகமாக அடிக்கும் யாரையும் கால் மணி நேரம் படுக்க வைத்து இரண்டாவது படம் எடுக்காமல் அனுப்புவதில்லை. அந்த வருடத்திலேயே அப்படி ஒரு லாரி ஓட்டுநருக்கும் ஒரு கணக்கு டீச்சருக்கும் இதே கோளாறு பிடிபட்டது.

அண்ணி மன்னித்ததாகச் சொல்லவில்லை. மாதாமாதம் பரிசோதனைக்கு வருவார். படம் எடுக்க வேறு ஆள் சும்மா இருந்தாலும் வரிசையில் உட்கார்ந்து, ஒயரக்கா வரட்டும் என்பார்.