மூடிய தீப்பெட்டிக்குள் பார்த்தவள்

2006 ஆனி மாதம், தாயில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று கப்பலில் அனுப்பிய லோடு பற்றிப் புகார் வந்தது. பண்டல்களுக்கு நடுவே குச்சியே இல்லாத காலிப் பெட்டிகள் கிடந்தனவாம். நிரப்பும் மெஷின் எப்போதாவது ஒரு பெட்டியைத் தவறவிட்டுவிடும். பெல்ட்டில் மூடியபடி ஓடிவரும் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துக் காலியைப் பொறுக்கப் பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"இன்னொரு தடவை புகார் வந்தா பத்துப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் மேனேஜர் சங்கரலிங்கம். பத்தில் ஒருத்தி வெள்ளைத்தாய்.

அவள் மகள் பாண்டிலட்சுமி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள். அதே கம்பெனியின் ஸ்டோர் ரூமில் உதிரிச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று மெஷின் பக்கம் விடவில்லை.

காலியைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் சுந்தரபாண்டி முதலில் ஒரு சென்சாரை பெல்ட் ஓரம் பொருத்தினார். பெட்டிகள் ஓடின, அது கண்டுகொள்ளவே இல்லை. ஸ்பானரை நீட்டியதும் விளக்கு எரிந்தது.

"அண்ணே, அது முன்னால காந்தப் புலத்தைப் பரப்பும். இரும்பு, அலுமினியம்னு உலோகம் கிட்ட வந்தாத்தான் அந்தப் புலம் மாறும். அட்டையும் மரமும் அதுக்குத் தெரியாது" என்றாள் பாண்டிலட்சுமி, ஸ்டோர் வாசலில் நின்றபடி.

அடுத்த வாரம் ஒளி சென்சார் வந்தது. வெளிச்சத்தை அனுப்பி, பெட்டியில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். ஒரு பெட்டி விடாமல் எண்ணியது. ஆனால் நிறைந்ததும் காலியும் அதற்கு ஒன்றுதான். மேலட்டையைத் தாண்டி அதனால் பார்க்க முடியாது.

பாண்டிலட்சுமி அம்மாவின் வேலையை நினைத்து யோசித்துக்கொண்டே இருந்தாள். லேபிள் ஒட்டும் மெஷினுக்குப் பசை ஊற்றும் பிளாஸ்டிக் தொட்டி நினைவுக்கு வந்தது. அதன் வெளிச்சுவரில் ஒரு சென்சார் இருக்கிறது. பசையைத் தொடாமலே, சுவர் வழியாக அளவை அறிந்து மோட்டாரை நிறுத்துகிறது. பசை தெரிந்தால் குச்சி தெரியாதா?

சுந்தரபாண்டியிடம் கேட்டுவிட்டு, ஸ்டோரில் இருந்த அதே மாதிரி சென்சாரை மேஜையில் பொருத்தினாள். அது பரப்புவது மின்புலம். மரமோ தண்ணீரோ கையோ, எது கிட்ட வந்தாலும் மாறும். நிறைந்த பெட்டியை வைத்தாள். விளக்கு எரிந்தது. காலிப் பெட்டிக்கும் எரிந்தது! சென்சாரின் கூர்மையைக் குறைக்க, பின்னால் இருந்த சின்னத் திருகை மெல்லத் திருப்பினாள். காலிக்கு அணைந்தது. நிறைந்ததற்கு மட்டும் எரிந்தது.

இரண்டு சென்சாரையும் பெல்ட்டில் பொருத்திக் காட்டியும் சங்கரலிங்கம் நம்பவில்லை. ஐந்நூறு பெட்டிகளுக்குள் தன் கையாலேயே சில காலிகளைக் கலந்து பெல்ட்டில் விட்டார். ஒளி சென்சார் பெட்டி வந்துவிட்டதென்று சொல்ல, மற்றது உள்ளே குச்சி இல்லை என்று சொல்ல, ஒரு தள்ளுகோல் காலிப் பெட்டியைக் கூடைக்குத் தள்ளியது. கூடையில் பன்னிரண்டு.

"நீங்க எம்புட்டு போட்டீக அண்ணாச்சி?" என்று கேட்டாள் பாண்டிலட்சுமி.

அவர் கூடையை இரண்டு முறை எண்ணினார். "பன்னெண்டுதாம்மா."

பத்துப் பெண்களும் ஓவென்று கத்தினார்கள். வெள்ளைத்தாய் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அட்டை ஈரம் குடித்தது. எல்லாப் பெட்டியையும் நிறைந்ததாகக் காட்டியது சென்சார். பாண்டிலட்சுமி ஈரப் பெட்டிகளையே வைத்துத் திருகைச் சரிசெய்தாள். அன்றுமுதல் தினமும் காலையில் ஒரு காலி, ஒரு நிறைந்தது வைத்துச் சோதித்த பிறகே பெல்ட் ஓடியது.

அதன்பின் புகார் வரவில்லை. ஒருத்திக்கும் வேலை போகவில்லை. கூடையில் விழுவதை நிரப்பிப் பண்டல் கட்டுவது அவர்கள் வேலையானது. பாண்டிலட்சுமி ஸ்டோர் சாவியை ஒப்படைத்துவிட்டு மெஷின் பராமரிப்புக்கு மாறினாள். தைப் பொங்கலுக்குள் சிவகாசியில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"இங்கயும் காலிப் பெட்டியப் பிடிக்கணும், உங்க எலக்ட்ரீஷியனக் கொஞ்சம் அனுப்புங்க."

"எங்க இன்ஜினீயரம்மாவ அனுப்புதேன்" என்றார் சங்கரலிங்கம்.