எந்த ஓம்?

மார்ச் நான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் மல்வேர்னில் காலை ஆறு பத்து பஸ்ஸை எடுத்து, ஏழு மணிக்குக் காப்புறுதிக் கந்தோரில் என் மேசைக்கு வந்துவிட்டேன். மேசையில் முப்பத்தொரு கோப்புகள் இருந்தன. அதற்கு முந்திய வாரம் இரண்டு பேரின் கடிதங்களை ஆள் மாற்றி அனுப்பியிருந்தேன். இன்னொரு பிழை விட்டால் வேலை போய்விடும் என்று பயம்.

எங்கள் புது மனேஜர் மெலிந்த, நரை தொடங்கிய யாழ்ப்பாணத்துப் பெண். யாருடன் பேசினாலும் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்துகொள்வார். அன்றும் அப்படியே இருந்தார். கையில் ஐந்து கோப்புகள்.

"அண்ணை, உதுகளையும் வெள்ளிக்கு முதல் முடிப்பியளோ?"

"ஓம்."

அவர் கோப்புகளை நீட்டவில்லை. "உது கேக்குது எண்ட ஓமோ, செய்வன் எண்ட ஓமோ?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"கேக்குது எண்ட ஓம்" என்றேன்.

சிரித்துவிட்டார். "என்ர மனுசனும் உந்த ஓம்தான் சொல்லுறவர். குப்பை மட்டும் வெளியில போகாது."

கொண்டுவந்த ஐந்தையும் தானே வைத்துக்கொண்டு, என் மேசையிலிருந்தும் அவசரமில்லாத பத்துக் கோப்புகளை அவரே பார்த்து எடுத்தார். "இதுகள் அடுத்த மாசம் பாக்கலாம். நான் மேல கதைக்கிறன்."

அன்று தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மேசை லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னும் நான்கு கோப்புகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.