நொட்டாங்கை அக்காவும் புதுத் துப்பாக்கியும்

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டில் பஸ் டிரைவர் கணவன், இரண்டு பிள்ளைகள். வார இறுதியில் பயிற்சிக்குப் போகும் ரிசர்வ் படையில் அவளை 'நொட்டாங்கை அக்கா' என்றால்தான் தெரியும். யாருக்கும் அம்மாவாகவோ மனைவியாகவோ இல்லாமல் அவள் அவளாக இருந்தது அங்கே மட்டும்தான்.

படையின் பழைய துப்பாக்கிகளில் பாதி மக்கர். மாற்றித் தர அரசாங்கம் ஒருவழியாக மனசு வைத்து, சுட்டுப் பார்க்கப் புதியவை சிலவற்றை அனுப்பியது. கூடவே வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரியும் வந்தார்.

இடது தோளில் வைத்துச் சுட்டாள். குறி தப்பவில்லை. ஆனால் வலப்பக்கம், அவள் முகம் இருந்த பக்கமே, தெறித்த வெற்றுத் தோட்டாக் கூடு கொதிக்கக் கொதிக்க அவள் காலருக்குள் இறங்கியது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவள் குதித்த குதியில் மைதானமே சிரித்தது.

பயிற்சியாளர் ஓடிவந்து கிசுகிசுத்தார். "குறை சொல்லிடாதீங்கக்கா. இதையும் தள்ளிப்போட்டாங்கன்னா நமக்கு அந்த ஓட்டைத் துப்பாக்கிதான்."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். "எப்படிம்மா இருக்கு?"

"தங்கம் சார். கண்டிப்பா வாங்குங்க. ஆனா என்னையும் சேத்துச் சுடுது."

"இடக்கைக்காரங்க வேற யாரு? கை தூக்குங்க."

மூன்று கைகள் எழுந்தன. மூன்றும் வலது கை.

"சின்ன வயசுலயே அடிச்சு மாத்திட்டாங்க சார்" என்றான் அவர்களில் ஒருவன், வெளியே எலக்ட்ரீஷியன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "தோட்டாக் கூடு முகத்துப் பக்கம் வராம ஒரு தடுப்பு, கம்பெனிகிட்ட கேட்டுப் பாக்கறேன். வரலைன்னா வலது தோளுக்கு மாறிக்கணும்மா. சுடுற தேர்வுல தேறலைன்னா படையில கிடங்கு வேலைதான்."

வீட்டில் கழுத்துக்கு மருந்து தடவியபடி கணவன் கேட்டான்: "சுடப் போனியா, சுட்டுக்கப் போனியா?"

"உங்க வாய்க்குத்தான் முதல்ல தடுப்பு போடணும்."

"பேசாம தோளை மாத்திடேன்."

"மாத்தினா குறி தப்பும். மைதானத்துல பக்கத்துல படுத்துச் சுடறவன் மேல பட்டா அவன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

தேர்வன்று புதுத் துப்பாக்கிகள் வந்திருந்தன. தடுப்பு வரவில்லை. அவள் தடித்த துண்டு ஒன்றைக் காதுவரை சுற்றிக்கொண்டு துப்பாக்கியை இடது தோளிலேயே வைத்துப் படுத்தாள். "என்னக்கா இது, பல்வலியா?" என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டாக் கூடுகள் துண்டில் பட்டு உதிர்ந்தன. இலக்கு அட்டையைப் பார்த்தபின் அவரே 'தேர்ச்சி' என்று எழுதினார்.

எழுந்து மண்ணைத் தட்டினாள். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்களேன். நானும் இடது தோள்ல வெச்சுச் சுட்டுப் பாக்கறேன்."