ஷபானா சொல்லாமலிருந்த பத்து நாட்கள்

செவ்வாயும் வெள்ளியும் ஷபானா செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் வருவாள். வயது இருபத்தைந்து. ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். அம்சாக்கா வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, பென்சில் பிடிக்கவும் பொத்தான் போடவும் தடுமாறும் குழந்தைகளின் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். இரண்டாயிரமாவது வருஷத்தில் அந்தப் பக்கம் இப்படியொரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. "இன்னாம்மா, மாவு உருட்றதுக்கும் காலேஜா?" என்று அம்சாக்காவே கேட்டிருக்கிறாள்.

ஜூலையில் அணுபுரம் குடியிருப்பிலிருந்து லதா தன் மகள் அனுவை அழைத்து வந்தாள். இரண்டாம் வகுப்பு. எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. நாலு வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

"ஸ்கூல்ல சோம்பேறின்னு சொல்றாங்க மேடம். எனக்கு அப்படித் தோணலை" என்றாள் லதா.

ஷபானா துணி கிளிப்பை அழுத்த வைத்தாள், மாவைக் கிள்ள வைத்தாள், பாசிமணி கோக்க வைத்தாள். இரண்டு நிமிஷத்தில் எத்தனை மணி என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்தாள். முதல் வாரம் பதினொன்று. ஆகஸ்ட் கடைசியில் பதினெட்டு. லதா இனிப்பு வாங்கி வந்தாள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பதினான்குதான் வந்தது. சளி பிடித்திருக்கும் என்று ஷபானா நினைத்தாள். செவ்வாயன்று பன்னிரண்டு. அடுத்த வெள்ளி ஒன்பது. மணி விரலிலிருந்து நழுவுவதைக்கூட அனு கவனிக்கவில்லை.

மெதுவாகக் கற்கிற கை மெதுவாகவே போகலாம். கற்றதை இழக்கக் கூடாது. இழந்தால் கோளாறு விரலில் இல்லை, விரலுக்கு வரும் நரம்பில், கழுத்திலோ மூளையிலோ இருக்கிறது. இது ஷபானாவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அனுபவம் ஒரு வருஷம்தான். தப்பாகச் சொல்லிவிட்டால்? பெற்றவளை வீணாகக் கலங்கடித்தாள் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சாகும். மூன்று முறையும், "இன்னிக்குக் கொஞ்சம் களைப்பா இருக்கா" என்று சொல்லி அனுப்பினாள். திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறப்பாள், மூடுவாள்.

நாலாம் முறை, அடுத்த செவ்வாய், ஏழே பாசிமணிதான். லதாவும் அனுவும் கிளம்பியதும் அம்சாக்கா உள்ளே வந்தாள். "போன மாசம் அந்தப் பொண்ணு செருப்புல பக்கிள் அதுவே மாட்டிகினு ஓடிச்சு. இப்ப அவங்கம்மா குந்திகினு மாட்டி வுடுது. இன்னா ஆச்சு அதுக்கு?"

 ஷபானா நோட்டோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடி லதாவைப் பிடித்தாள்.

"அக்கா, அனு கழுத்து வலிக்குதுன்னு சொல்றாளா?"

"காலையில எந்திரிக்கறப்போ சொல்லுவா. தலகாணி சரியில்லைன்னு மாத்தினேனே... ஏன் மேடம்?"

"நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும். நான் லெட்டர் தரேன்." அங்கேயே எழுதினாள்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்துத் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அதன்பின் மூன்று வாரம் தகவலே இல்லை. வீட்டில் போன் அடித்தால் ஷபானா எடுக்கமாட்டாள். அம்மா எடுத்துப் பேசும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் லதாவின் கணவர் கோபாலகிருஷ்ணன் பேசினார். கட்டியை எடுத்தாயிற்று, கெட்ட கட்டி இல்லை.

டிசம்பரில் லதா மகளோடு வந்து கைகூப்பினாள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலுக்கும் வந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். நீங்க இல்லேன்னா..."

"அக்கா, எனக்கு முன்னாடியே சந்தேகம் வந்துச்சு. பயந்துகிட்டுப் பத்து நாள் சொல்லாம இருந்தேன்."

லதாவின் கை இறங்கியது. அனுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த இரண்டு முறையும் வரவில்லை. மூன்றாம் முறை வாசலில் நின்றாள்.

"கோவம் போகலை மேடம். ஆனா இவ வேற யார்கிட்டயும் போகமாட்டேங்கறா."

அனுவின் வலது கட்டைவிரலுக்கு முழு பலம் திரும்பவேயில்லை. தடித்த பென்சிலில் எழுதப் பழகினாள். பெரிய வகுப்புக்குப் போன பிறகும் அப்படித்தான்.

ஷபானா அந்த அறையில் இன்னும் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். எந்தக் குழந்தைக்கும் பாசிமணிக் கணக்கு இரண்டு முறை சேர்ந்தாற்போல் குறைந்தால் அன்றே தாயிடம் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது வெறும் சளியாகவே இருந்தது. 'சும்மா பயமுறுத்துற பொம்பள' என்று சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் சொல்வதை நிறுத்தவில்லை.