மணல் நானூறு சதவீதம்

எதைச் சொன்னாலும் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கும் பெண்ணை எந்த வீட்டுக்கும் பிடிக்காது. அவள் பிறந்த வீட்டுக்கும் பிடிக்கவில்லை.

அப்பாதான் முட்டையைப் பங்கு போடுவார். அண்ணனுக்கு மூன்று என்றால் அவளுக்கு ஒன்று. "வளர்ற பையன்மா. உனக்கும்தான் மூணுல ஒரு பங்கு கிடைக்குதே" என்பார். ஒருநாள் அவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்கு மூணு, எனக்கு ஒண்ணு. மொத்தம் நாலு. எனக்கு வர்றது நாலுல ஒரு பங்குப்பா, மூணுல இல்ல. செய்யிறதே அநியாயம், அதுல கணக்கும் தப்பு."

"வாய் மட்டும் நூறு சதவீதம்" என்றார் அப்பா. முட்டை கூடவில்லை. ஆனால் அவளுக்கு ஒன்று புரிந்தது: அநியாயம் செய்கிறவர்கள் பங்கைச் சத்தமாகச் சொல்வார்கள், மொத்தத்தை வாய்க்குள்ளேயே மென்றுவிடுவார்கள்.

அவள் கணக்கு டீச்சர் ஆனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் எக்ஸ் டீச்சர். வகுப்பில் யார் எந்தக் கணக்கோடு எழுந்து நின்றாலும் அவள் கேட்பது இதைத்தான்: "எது தெரியல? அதுக்கு எக்ஸ்னு பேர் வை. பேர் வச்சிட்டா பயம் போயிடும்." பேய்க்கும் சாமிக்கும் கூட அதே வைத்தியம் என்று அவள் ஒருமுறை சொல்லப்போக, தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். அவள் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

கணவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். சண்டை வந்தால், "நூத்துக்கு நூறு உன் தப்புதான்" என்பார். "கத்துனது ரெண்டு பேரு. உங்க பங்கைக் கழிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க" என்பாள். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

அவளுடைய வேலை இன்னும் தற்காலிகம்தான். அந்த ஆண்டு, பொதுத்தேர்வுத் தாள் திருத்த அவளையும் அழைத்திருந்தார்கள். திருத்தும் மையத்திலிருந்து நல்ல அறிக்கை போனால் வேலை நிரந்தரமாகும் என்று தலைமை ஆசிரியரே சொல்லியிருந்தார். "அங்க போய் வாயைத் திறக்காத. சிவப்புப் பேனா, கையெழுத்து, அவ்வளவுதான்" என்று கணவர் சொல்லி அனுப்பினார்.

மையம் என்பது ஒரு பெரிய கூடம். நீள மேசைகள், ஒரு மேசைக்கு ஆறு பேர், தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறிகள். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மேசையின் விடைத்தாள் கட்டு முடியும்; கட்டு முடிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம்.

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ஒரு கொத்தனார் ஒரு சட்டி சிமென்டுக்கு நான்கு சட்டி மணல் சேர்க்கிறார். கலவையில் சிமென்ட் எத்தனை சதவீதம்?

மேசைக்கு வந்த விடைக்குறிப்பில் இருபத்தைந்து என்று அச்சிட்டிருந்தது. அவள் இரண்டாம் முறை படித்தாள். பிறகு தாளின் ஓரத்தில் எழுதினாள். சிமென்ட் எக்ஸ். மணல் நான்கு எக்ஸ். கலவை ஐந்து எக்ஸ். ஐந்தில் ஒன்று, அதாவது இருபது சதவீதம்.

"சார், குறிப்பு தப்பா இருக்கு" என்றாள் எதிரே இருந்த கண்ணாடிக்காரரிடம்.

அவர் பேனாவை நிறுத்தவில்லை. "தெரியும் டீச்சர். இருபதுன்னு எழுதுன பசங்களுக்கெல்லாம் சைபர் போட்டுட்டு வர்றேன்."

"தெரிஞ்சுமா?"

"கேள்வி எடுத்தவர் யாரு? கணக்குக் கையேடு எழுதுறாரே, அவரு. அந்தக் கையேடு இல்லாத புத்தகப் பை இந்த நாட்டுல இருக்கா? அவர்கிட்ட போய் யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலையே" என்றார் அவர், அக்கறையாகத்தான்.

அவள் கையில் இருந்த தாளில் ஒரு பிள்ளை கோணல்மாணலான எழுத்தில் எக்ஸ் என்றும் நான்கு எக்ஸ் என்றும் போட்டு, கூட்டி, வகுத்து, இருபது சதவீதம் என்று முடித்திருந்தது. மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தாள். இந்த ஐந்தும் கிடைத்தால் தேர்ச்சி, போனால் தோல்வி. யோசித்த ஒரே குற்றத்துக்காக ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போக வேண்டுமா?

முழு மதிப்பெண் போட்டாள். அடுத்த தாளில் இருபத்தைந்து. விகிதத்தைச் சரியாக எழுதியதற்கு ஒரு மதிப்பெண், விடைக்கு ஒன்றுமில்லை.

மாலையில் கட்டைச் சரிபார்க்கும்போது மாட்டிக்கொண்டாள். தலைமைத் திருத்துநர் வந்து நின்றார். ஓய்வு பெறப்போகிற மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடுங்கம்மா."

"மாட்டேன் சார்."

மேசையில் ஐந்து பேனாக்களும் நின்றன.

"ஒண்ணுக்கு நாலு. ஒண்ணை நாலால வகுத்தா இருபத்தஞ்சு. அப்படித்தான் போட்டிருக்காங்க" என்றார் அவர்.

"அதே மாதிரி மணலுக்கும் போடுங்க சார். நாலை ஒண்ணால வகுங்க. கலவையில மணல் நானூறு சதவீதம். சட்டி வழியுமே, யாரு அள்றது?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். அவர் சிரிக்கவில்லை. அவளைச் சன்னலோரம் கூட்டிப்போனார்.

"எனக்கும் தெரியும்மா. காலையிலேயே தெரியும்."

அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தெரியாமல் செய்தால் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

"அப்ப பயம்தானே சார்? கையேட்டுக்காரர் கோவிச்சுக்குவார்ங்கிற பயம். அதுக்குப் புள்ளைங்க விலை குடுக்கணுமா? என் கையெழுத்து இல்லாம இந்தக் கட்டு முடியாது. நான் போட மாட்டேன்."

மேசைக்குத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற மேசைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

"எங்க வீட்டுல கொழந்தை காத்திட்டிருக்கு டீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"இந்தத் தாள்ல இருக்கிறதும் கொழந்தைதான்க்கா."

"உங்ககூட ஒரே மேசைல போட்டாங்களே, எங்க நேரம்" என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் அவரும் எழுந்து போகவில்லை.

தலைமைத் திருத்துநர் உள்ளறையில் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். வெளியே வந்தபோது வேர்த்திருந்தார். "இருபதுக்கும் முழு மார்க், இருபத்தஞ்சுக்கும் முழு மார்க். எல்லா மேசைக்கும்; போனவங்க காலையில வந்து மாத்திடுவாங்க. போதுமா?"

மேசை பெருமூச்சு விட்டது. அந்தக் கோணல் எழுத்துப் பிள்ளை தப்பித்துவிட்டது. அவள் பேனாவை எடுத்தாள், பிறகு வைத்தாள்.

"குறிப்பு தப்புன்னு எழுதுவீங்களா?"

"எழுத முடியாதும்மா. அவர் பேரு கெட்டுப்போகும்."

"ரெண்டும் சரின்னா கலவையில சிமென்ட் இருபதா, இருபத்தஞ்சா? பேரைக் காப்பாத்தப் போயி சுவரைக் கவுத்துடாதீங்க சார்."

கட்டின் மேலுறையில் தன் கையெழுத்தைப் போட்டாள். அதன் மேலே சிவப்பு மையில் எழுதினாள்: விடை இருபது மட்டுமே. இருபத்தைந்து தவறு.

"கட்டைக் கெடுத்துட்டியேம்மா" என்றார் அவர் மெதுவாக. "அறிக்கையில இதை நான் சொல்லியே ஆகணும்."

"சொல்லுங்க சார். சரியா சொல்லுங்க. இருபதுன்னு சொன்னதுக்காகன்னு."

அறிக்கை போனது. வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த ஆண்டு திருத்தும் மையத்திலிருந்து அழைப்பும் வரவில்லை. "சொன்னேனே" என்றார் கணவர். கையேட்டின் புதிய பதிப்பை அவரே வாங்கிவந்து அவள் முன் போட்டார். அதே கொத்தனார், அதே சட்டி, அதே இருபத்தைந்து.

பள்ளி திறந்த முதல் நாள். எக்ஸ் டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் வருகைப்பதிவைக்கூடத் தொடவில்லை.

"கையேடு வச்சிருக்கிறவங்க எடுங்க. விகிதம் பாடம். கொத்தனார் கணக்கு. போட்டுப் பாருங்க."

சற்று நேரத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், எனக்கு இருபதுதான் வருது. இதுல வேற போட்டிருக்கு."

"ரெண்டாவது தடவை போட்டியா?"

"போட்டேன் டீச்சர். இருபதுதான்."

"அப்ப எதை அடிக்கணும்?"

அந்தப் பெண் தயங்கினாள். "அச்சுல வந்ததாச்சே டீச்சர்."

"அச்சுல வந்தா சிமென்ட் கூடிடுமா?"

வாசலில் தலைமை ஆசிரியர் வந்து நின்றதை அவள் பார்த்தாள். பார்த்தும் திரும்பவில்லை. வகுப்பு முழுக்கப் பேனா மூடிகள் திறக்கும் சத்தம் கேட்டது.